மங்கலாக எரிந்த லேசர்

அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள். கணவன் சரக்குக் கப்பலில் எலெக்ட்ரீஷியன். போன விடுமுறையில் இருவரும் சேர்ந்து மரப்பலகையில் எழுத்துப் பொறிக்கும் லேசர் ஒன்றைச் செய்ய ஆரம்பித்தார்கள். அது முடிவதற்குள் கப்பலிலிருந்து அழைப்பு வந்துவிட்டது. சாப்பாட்டு மேசையில் பாதியை அந்தக் கருவி பிடித்துக்கொண்டது.

"என் மகனைவிட இந்த இரும்புதான் வீட்ல அதிகம் இருக்கு" என்று சொல்லிவிட்டு மாமியார் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டாள்.

மீதி வேலையை அவளே முடித்தாள். பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சுவிட்சைத் தட்டினாள். எரிந்தது, ஆனால் சோகை பிடித்த மாதிரி. பலகை கருகவே இல்லை.

கப்பல் கரையோரம் வரும்போதுதான் அவனுக்கு போன் கிடைக்கும். அப்படி ஒருநாள் கேட்டபோது அவன் சொன்னான்:

"லேசருக்குக் கரண்டை அளந்து குடுக்கறது டிரைவர்ங்கற அந்தச் சின்ன சர்க்யூட்தான். முதல்ல அதைச் சோதிக்கணும். லேசரைக் கழட்டிட்டு, அந்த இடத்துல சாதா டையோடு ரெண்டும், அளக்கறதுக்கு ஒரு ரெசிஸ்டரும் போட்டுப் பாரு. புகைஞ்சா அந்த மலிவு சாமான்தானே புகையும், லேசர் தப்பிச்சிடும்."

அளந்தாள். கரண்ட் கச்சிதமாக வந்தது. லேசரை மாட்டினால் பாதிகூட வரவில்லை. வயரை மாற்றினாள், ஒவ்வொரு இணைப்பையும் திரும்பப் பற்றவைத்தாள். போன் வரும்போதெல்லாம் இதே பேச்சுதான். 'எப்ப வருவீங்க' என்பது தொண்டை வரை வரும். அதைக் கேட்பதைவிட ஆம்பியரைக் கேட்பது சுலபமாக இருந்தது. அவன் வைத்த பிறகும் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

ஒருநாள் கடைக்கு வந்த பெரியவர் சண்டை பிடித்தார். "பெரிய எழுத்தை மட்டும் காட்டி எல்லாம் சரின்னு அனுப்பிட்டீங்க. வீட்ல பேப்பர் படிக்க முடியலை!"

அவளுக்குப் பொறி தட்டியது. தானும் டிரைவருக்கு லேசான பரீட்சைதானே வைத்தோம்? இரண்டு டையோடு கேட்கும் வோல்ட், லேசர் கேட்பதைவிடக் குறைவு. வீட்டுக்கு வந்து, லேசர் கேட்கும் வோல்ட்டுக்குச் சமமாகும்வரை டையோடுகளைக் கூட்டினாள். கரண்ட் தொபுக்கென்று விழுந்தது. டிரைவர் மேல் தப்பில்லை. அதற்கு மின்சாரம் தந்த ஆறு வோல்ட் அடாப்டர்தான் போதவில்லை. ஒன்பது வோல்ட் அடாப்டர் மாட்டியதும் பலகையில் கருகருவென்று கோடு விழுந்தது.

அடுத்த போனில் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சிரித்தான். பிறகு, "அப்ப இனிமே என்னத்தப் பேசறது?" என்றான்.

"எப்ப வருவீங்கன்னு கேக்கறேன்."



"ஒப்பந்தத்தை நீட்டிட்டாங்க. போன தடவையே சொல்லியிருக்கணும், வாய் வரலை" என்றான்.

"நான் பாட்டுக்கு டிரைவரைத் திட்டிக்கிட்டு இருந்தேன்" என்றாள். "எனக்கு நீங்க இல்லாம முடியலைங்க."

"எனக்கும்தான்" என்றான்.

அன்று சிக்னல் அறும்வரை பேசினார்கள். கரண்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அவன் வந்து சேர ஏறக்குறைய ஒரு வருடம் ஆயிற்று. அதுவரை ஒவ்வொரு போனிலும் அவள் முதலில் கேட்டது அந்தக் கேள்வியைத்தான். அவனும், தெரியாதபோது தெரியாது என்றே சொன்னான்.