நல்ல சதையில் ஒரு துணுக்கு

அக்காவின் மார்பிலிருந்து கட்டியை அகற்றுவதற்கு இரண்டு நாள் முன்பு, மருத்துவர் இன்னொரு தாளையும் நீட்டினார். கட்டியைவிட்டு விலகியிருக்கும் நல்ல சதையிலும் ஒரு துணுக்கு எடுத்து ஆராய அனுமதி வேண்டுமாம். நுண்ணோக்கிக்குப் பழுதின்றித் தெரியும் சதையிலும் டி.என்.ஏ. ஓசையின்றி மாறியிருக்கக்கூடும், நோய் பரவுமா என்பதை அம்மாற்றங்கள் முன்கூட்டியே உணர்த்துமா என்று தேடுகிறார்கள். அக்கா கையெழுத்திடவில்லை.

கல்லூரி விவாத மேடைகள் பலவற்றில் கோப்பை வென்றவள் நான். அவளை இசைய வைப்பது எளிது என்றே நம்பினேன். திரும்பும் மின்ரயிலில் மூன்று வாதங்களை மனத்துள் அடுக்கினேன். பொன்னேரி தாண்டியதும் வயல் நீரும் வானமும் ஒரே நிறமாகக் கரைந்தன. அந்த நீருக்குள் உடலின் உயிரணுக்களைப் போல எண்ணற்ற வீடுகள் மிதப்பதாகவும், எல்லாவற்றிலும் ஒரே மாதிரி விளக்கு எரிவதாகவும், ஏதோ ஒரு வீட்டில் மட்டும் யாரோ இடம் மாறி அமர்வதாகவும் தோன்றியது. என் கை தானாகவே என் நெஞ்சின்மேல் வந்து நின்றது. நாங்கள் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள்.

பிறகு பேசத் தொடங்கினேன். முதல் வாதம் முடியுமுன்பே அக்கா சிரித்துவிட்டாள்.

"இன்னாடி, மைக்கு இல்லாமலே பேசினுகீற? எதிர் சீட்டு அம்மா கை தட்டப் போறாங்க."

"நல்லா இருக்கிற சதையிலதான்க்கா…"

"தெரியும்டி. துரு புடிச்ச எடத்த மட்டுமா சுரண்டுறோம்? சுத்தி நாலு விரல் நல்ல பெயின்டையும் சேத்துதான் சுரண்டுவோம். அடில இன்னா ஓடுதுன்னு யாருக்குத் தெரியும்."

இரும்புச் சட்டங்களுக்கு வண்ணம் பூசும் தொழிற்சாலையில் ஒன்பது ஆண்டுகளாக வேலை செய்பவள் அவள்.

"அப்புறம் ஏன் கையெழுத்துப் போடல?"

"அங்க சுரண்டிட்டு ஒடனே பூசிடுவோம். இங்க, பரவும்னு தெரிஞ்சுகினு நான் இன்னா பண்றது? எம் பாப்பாவுக்குத் தலை வாரும்போதெல்லாம் அதையே நெனச்சுகினு இருக்கணுமா?"

மேடையில் மறுப்புரைக்கு இரண்டு நிமிடம் தருவார்கள். அன்று எனக்கு, நாங்கள் இறங்கும் கும்மிடிப்பூண்டி வரை நேரம் இருந்தது. மீதி இரண்டு வாதங்களையும் ஒவ்வொன்றாகக் கைவிட்டேன்.

மறுநாள் மருத்துவமனையில் அவளே தாளைக் கேட்டு வாங்கினாள். கையெழுத்திட்டு, கீழே ஒரு வரி சேர்த்தாள்: 'முடிவை நான் கேட்டால் மட்டும் சொல்லவும்.' மருத்துவர் அதைப் படித்துவிட்டுப் பக்கத்தில் தாமும் கையெழுத்திட்டார்.

அந்தத் துணுக்கு எங்கோ ஒரு குளிர்பெட்டியில் உறங்குகிறது. அறுவைக்குப் பிந்தைய பரிசோதனைகளுக்கு நாங்கள் தவறாமல் போய்வருகிறோம். அக்கா இன்றுவரை முடிவைக் கேட்கவில்லை. நான்தான் ஓரிரு முறை மருத்துவரின் அறைக் கதவுவரை சென்று திரும்பியிருக்கிறேன்.