‘போன தடவை’ என்று ஆரம்பித்தார்

தென்காசியில் டாக்டர் தொழில் பார்க்கிறவளுக்குச் ‘சூடு’ என்ற சொல்லிலிருந்து தப்பிக்க வழி கிடையாது. வாய்ப்புண் வந்தால் சூடு. கண் சிவந்தால் சூடு. பிள்ளை ராத்திரி முழுக்கச் சிணுங்கினால் அதுவும் சூடு. நான் எந்த மாத்திரை எழுதினாலும், “இது சூடு பண்ணுமா?” என்று கேட்டபடியேதான் சீட்டை வாங்குவார்கள். இருபத்தைந்து வருஷமாகக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. பொறுமை எனக்கு என்றைக்குமே கிடையாது, வாய் மட்டும் நிறைய உண்டு. “அந்தம்மா ஏசும், ஆனா கைராசி” என்று ஊரில் பேர். மருந்தோடு கொஞ்சம் ஏச்சும் கேலியும் சேர்த்துக் கொடுத்தால் ஜனங்களுக்குப் பிடிக்கிறது என்று பெருமையாகவே இருந்தேன். அந்த வாயால் ஒரு மனிதர் செத்துப்போனார். அதை அவர் மனைவியிடம் சொல்ல எனக்கு மூன்று மாதம் ஆயிற்று.

அவர் ஆட்டோ ஓட்டுகிறவர். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. ஆய்க்குடிப் பக்கம் நெல் போட்ட குடும்பம். பங்கு பிரித்ததில் வயல் கைவிட்டுப் போக, இவர் ஆட்டோ வாங்கி ஸ்டேஷனிலிருந்து குற்றாலத்துக்குச் சவாரி அடித்தார். என் மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுக் கூட்டிவந்ததும் அவர்தான். பேச்சு ரொம்ப நிதானம். அவர் ஒரு சங்கதியைச் சொல்லி முடிப்பதற்குள் நமக்கு இரண்டு வேலை முடிந்துவிடும். என் மகள் அவர் எதிரிலேயே அவரைப் போல இழுத்து இழுத்துப் பேசிக் காட்டுவாள், அவரும் சேர்ந்து சிரிப்பார்.

போன சாரல் சமயத்தில், ஆட்டோத் தகரம் கிழித்து, முழங்காலுக்குக் கீழே சிவந்து வீங்கி, காய்ச்சலோடு வந்தார். புண்ணைக் கழுவிக் கட்டுப் போட்டுவிட்டு, ஒரு வாரத்துக்கு அறுநூற்று இருபத்தைந்து எழுதினேன். எங்கள் பக்கத்தில் அந்த மாத்திரைக்கு அந்த எண்தான் பேர். சீட்டே இல்லாமல் மருந்துக்கடையில் எண்ணைச் சொல்லிக் கேட்கிறவர்கள்கூட உண்டு. இரண்டு மருந்து சேர்ந்த மாத்திரை அது. ஒன்று கிருமியைக் கொல்வது. சில கிருமிகள் அந்த மருந்தையே சிதைக்கிற ஒரு பொருளைச் சுரக்கும். இரண்டாவது மருந்து அந்தப் பொருளை வேலை செய்ய விடாது, துணைக்கு வந்த ஆள் மாதிரி. உண்மையைச் சொன்னால், அண்ணாச்சியின் காலுக்குத் துணை இல்லாத சாதாரண மருந்தே போதும். கை பழகிப்போயிருந்தது, எழுதினேன்.

சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, “அந்தப் பெரிய மாத்திரையா டாக்டரம்மா?” என்றார். “அது எனக்குச் சூடுல்லா. போன தடவை பல்லுக்குக் குடுத்தாவ பாத்துக்கிடுங்க, அப்பம்...”

“சூடா? உங்களுக்கு என்ன அண்ணாச்சி, தெனம் அருவிக்குத்தான போறிய. போயி நல்லாத் தலையைக் குடுத்து நில்லுங்க. எல்லாச் சூடும் எறங்கிரும்.”

வெளியே பெஞ்சில் இருப்பவர்களுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அண்ணாச்சியும் சிரித்தார். “ஊரையெல்லாம் கொண்டு எறக்கி விடுதேன், நான் நனைஞ்சு எத்தனையோ வருசம் ஆச்சு. நீங்க சொல்லுதிய, குளிச்சிர வேண்டியதுதான்” என்றபடி எழுந்தார். ‘அப்பம்’ என்று நிறுத்தியதை அவர் தொடரவில்லை. நானும் கேட்கவில்லை, அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டேன்.

கால் அழகாக ஆறிவிட்டது. கட்டுப் பிரிக்க வந்தபோது நானே தட்டிக்கொடுத்து அனுப்பினேன்.

அதற்கு மூன்று வாரம் கழித்து, ஒரு சாயங்காலம் மார்க்கெட் ரோட்டில் என் ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் ஆட்டோ வந்து நின்றது. சாரல் விழுந்துகொண்டிருந்தது. அண்ணாச்சி தலையில் ஈரத் துண்டு. “டாக்டரம்மா, பத்து நாளா விடாமக் குளிக்கேன். மேல் அரிப்பு லேசா மட்டுப்பட்ட மாதிரி இருக்கு” என்றார்.

“பாத்தியளா, நம்ம வைத்தியம் எப்படி?” என்று சொல்லிவிட்டு நான் வண்டியைக் கிளப்பினேன்.

அரிப்பு என்ற சொல் என் காதில் விழத்தான் செய்தது. எத்தனை நாளாக அரிக்கிறது, ஒண்ணுக்கு என்ன நிறத்தில் போகிறது என்று இரண்டு கேள்வி கேட்டிருக்கலாம். வண்டியை விட்டு இறங்கி அவர் கண்ணைப் பார்த்திருக்கலாம். வீட்டுக்குப் போனால் சூடாக ஏதாவது குடிக்கலாம் என்ற நினைப்புதான் அப்போது எனக்கு இருந்தது.

ஆறு நாள் கழித்து அவர் மனைவி அவரைக் கைத்தாங்கலாக அழைத்துவந்தார். அண்ணாச்சி சம்சாரம் என்பதால் எனக்கு அவர் மதினி. அண்ணாச்சியின் கண் இரண்டும் மஞ்சள், சட்டையை விலக்கினால் மேலெல்லாம் நகம் கீறிய கோடு. “இத்தனை நாளா என்ன செஞ்சுக்கிட்டு இருந்திய?” என்று வழக்கம்போல் ஏசினேன்.

“நீங்க குளிக்கச் சொன்னியன்னு ஒரு நாளு விடாமக் குளிச்சாவ டாக்டரம்மா” என்றார் மதினி. “மெயின் அருவியில தண்ணி கூடி போலீசு விடாத அன்னைக்குக்கூட பழைய குத்தாலம் போயிக் குளிச்சிட்டு வந்தாவ.” குறையாகச் சொல்லவில்லை. புருஷன் டாக்டர் பேச்சைத் தட்டாதவர் என்று எனக்குத் தெரியவேண்டும், அவ்வளவுதான்.

அன்றைக்கே திருநெல்வேலிக்கு அனுப்பினேன். ஈரல் டாக்டர் போனில் கூப்பிட்டு, சமீபத்தில் என்ன மருந்து சாப்பிட்டார் என்று கேட்டார். சொன்னேன். “இதே மாத்திரை முன்னாடி எப்பவாவது சாப்பிட்டு, ஏதும் ஆகியிருக்கா?”

“தெரியலை” என்றேன்.

பொய். பல்லுக்குச் சாப்பிட்டிருக்கிறார், அப்போது என்னவோ ஆகியிருக்கிறது, அதைச் சொல்லத்தான் வாயெடுத்தார். அந்த மாத்திரையில் துணைக்கு வருகிற மருந்து, அபூர்வமாகச் சிலருக்கு ஈரலில் பித்தநீரைத் தேக்கிவிடும். மாத்திரை தீர்ந்து வாரக்கணக்கான பிறகுகூட மஞ்சள் தலைகாட்டும். பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். ஆனால் ஒரு தடவை அப்படி வந்த ஆளுக்கு மறுபடி அதைக் கொடுக்கவே கூடாது. இது எனக்குத் தெரியாத பாடம் இல்லை.

அங்கே சேர்த்த பத்தொன்பதாம் நாள் அண்ணாச்சி போய்விட்டார். துட்டி கேட்கப் போனபோது மதினி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “நீங்க சொன்னதையெல்லாம் கேட்டாவளே டாக்டரம்மா” என்று அழுதார். அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். இத்தனை பேர் நடுவில் எப்படிச் சொல்வது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு வந்துவிட்டேன். பதினாறாம் நாள் விசேஷத்துக்குப் போகவே இல்லை. அப்புறம் தெருவில் எந்த ஆட்டோ வந்தாலும் உள்ளே யார் என்று பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு போனேன். ஏசுவதும் தானாக நின்றுவிட்டது. டாக்டரம்மாவுக்கு உடம்புக்கு ஆகவில்லையோ என்று பேசிக்கொண்டார்கள்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் மதினியே ஆஸ்பத்திரிக்கு வந்தார். நீர் கடுக்கிறது, நாலு நாளாகிறது என்றார். ஒவ்வொரு மாத்திரையாகச் சொல்லி, இதற்கு முன் சாப்பிட்டிருக்கிறாரா, சாப்பிட்டு என்ன ஆயிற்று என்று கேட்டுக் கேட்டு எழுதினேன். சீட்டை அவர் பக்கம் தள்ளினேன்.

“எல்லாம் சூடுதான டாக்டரம்மா” என்றார். “நானும் அருவிக்குப் போயி குளிக்கட்டுமா?”

முகத்தில் கேலி ஒன்றும் இல்லை. நான் சொன்னால் போயிருப்பார். பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டேன். “மதினி, போன தடவை அண்ணாச்சிக்குப் பல்லுக்கு மாத்திரை குடுத்தாங்களே, அப்ப என்ன ஆச்சு?”

“அதுவா? ஒண்ணுக்கு டீத்தண்ணி மாதிரி போச்சு. கண்ணு மஞ்சளாயிட்டு. அரிப்புல ராத்திரி தூங்க மாட்டாவ. எளநியும் மோருமாக் குடிச்சு, ஒரு மாசத்துல அதுவாச் சரியாப் போச்சு. சூடுதான்.”

ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டார். அண்ணாச்சி இழுத்து இழுத்துச் சொல்லியிருந்தாலும் ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆகியிருக்காது.

“அவர் அதைத்தான் எங்கிட்டச் சொல்ல வந்தார், மதினி. நான் சொல்ல விடலை. அவரைக் கொன்னது நான் எழுதின மாத்திரைதான். முன்னாடி அப்படி ஆனவருக்கு நான் அதைக் குடுத்திருக்கக் கூடாது.”

மதினி ஏசுவார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று காத்திருந்தேன். அப்படி ஏதாவது செய்தால் தேவலை என்றிருந்தது.

“அப்பம் அருவியில குளிச்சது?” என்று கேட்டார்.

“அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. நான் கேலிக்குச் சொன்னேன்.”

“கேலிக்கா?”

“ஆமா.”

முந்தானையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார். “அவுக குளிரு தாங்க மாட்டாவ டாக்டரம்மா. வெந்நி இல்லாம ஒரு நாளு தண்ணி ஊத்துனது கெடையாது. வெள்ளெனவே எந்திரிச்சு நடுங்கிக்கிட்டே போவாவ. ‘வேண்டாம், இன்னைக்கு ஒரு நாளு விடுங்க’ன்னு சொல்லுவேன். ‘டாக்டரம்மா சொல்லிருக்காவட்டி’ன்னுட்டுப் போவாவ.”

எழுந்து, வாசலில் வைத்திருந்த குடையை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனார். நான் எழுதிக்கொடுத்த சீட்டை எடுத்துக்கொள்ளவில்லை.