வளையம் ஆறும் வரை

தினமும் காலையில் பேருந்தை விட்டு இறங்கியதும் சாணி வாசம்தான் என்னை வரவேற்கும். தெற்கு ஜெர்மனியில் ஒரு சின்ன கிராமம் இது. வேலிக்கு அந்தப் பக்கம் பசுக்கள் மேய்கின்றன. இந்தப் பக்கம், சன்னலே இல்லாத கூடத்தில், வால்வுகளுக்கான எஃகு வளையங்களை மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை நாங்கள் அளக்கிறோம். மதியம் ஆனால் சிலர் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வருகிறார்கள். உலகத்துக்கே வால்வு அனுப்பும் கம்பெனி ஒரு கிராமத்தில் இருப்பது அவர்களுக்கு அதிசயமே இல்லை. வந்த புதிதில் எனக்கு அது நம்ப முடியாததாக இருந்தது.

நான் அறிந்தவரை கம்பெனி வேலை என்றால் ஊரை விட்டுப் போவது. எங்கள் கிளியனூரில் படிப்பு முடித்த பெண்கள், சென்னைக்கு அருகே கம்பெனிகள் நிறைந்த ஒரகடம் பக்கம் ஹாஸ்டலுக்குப் போவார்கள். ஓர் அறையில் எட்டுப் பேர் இருப்பார்கள். டிப்ளமோ முடித்த என் தங்கை கோமதியும் அப்படித்தான் போனாள். அப்பாவும் அம்மாவும் ஊரார் நிலத்தில் மல்லாட்டை என்னும் வேர்க்கடலை பிடுங்கிப் பிழைத்தவர்கள். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூட வாசல் மிதித்தவள் நான். இதை எங்கேயும் தலை நிமிர்ந்துதான் சொல்வேன்.

போன ஆண்டு எங்கள் கம்பெனி இந்தியாவில் ஒரு தொழிற்சாலை தொடங்க இடம் தேடியது. எங்கள் ஊருக்குப் பக்கத்திலிருக்கும் திண்டிவனத்தின் பெயரைச் சொன்னேன். அதை மூன்று ஊர்கள் கொண்ட பட்டியலில் சேர்த்துக்கொண்டு, காரணங்களை ஒரு பக்கத்தில் எழுதித் தரச் சொன்னார் எங்கள் தலைவி பிர்கிட். சென்னை–திருச்சி நெடுஞ்சாலை ஊரைத் தொட்டுச் செல்கிறது, புதுச்சேரிக்கும் செஞ்சிக்கும் அங்கேதான் சாலை பிரிகிறது, விழுப்புரம் சந்திப்பிலிருந்து ஐந்து திசைக்கு ரயில் போகிறது, துறைமுகம் தொலைவில்லை, பாலிடெக்னிக்குகள் உண்டு என்றெல்லாம் எழுதினேன். வெயிலையும் தண்ணீரையும் மறைக்கவில்லை. சேதி கேட்ட அப்பா போனில் சொன்னது ஒன்றுதான்: “விக்கறதுக்கு நெலம் இருக்கறவன் யோசிக்கட்டும்மா. நமக்குக் கைதான் இருக்குது. ஜல்தி வரச் சொல்லு.” எனக்கும் ஆசை ஒன்றுதான். கோமதி வீட்டில் தூங்கி வேலைக்குப் போக வேண்டும்.

மே மாதம் பிர்கிட்டோடு ஊருக்கு வந்தேன். திண்டிவனம் அருகே ஒரு பாலிடெக்னிக்கில், அளக்கத் தெரிந்த ஐந்து பெண்களை வரவழைத்திருந்தேன். அவர்களில் ஒருத்தியாகக் கோமதியும் லீவு போட்டு வந்திருந்தாள். பத்துக்கு எத்தனை மதிப்பெண் உங்களுக்கே போட்டுக்கொள்வீர்கள் என்று பிர்கிட் கேட்டார். முதல் பெண் மூன்று என்றாள். நான்கு ஆண்டுகளாக அளவு இயந்திரம் ஓட்டும் என் தங்கை, “ஏதோ கொஞ்சம் தெரியுங்க. நாலு போட்டுக்கங்க” என்றாள். எங்கள் தெருவில் பத்து என்று தனக்குத்தானே போட்டுக்கொள்கிறவளை ஊரே கேலி செய்யும். ஜெர்மனியிலோ நாலு என்றால் நாலுதான். பிர்கிட் அப்படியே குறித்துக்கொண்டார். திறமை என்ற கட்டத்தில் திண்டிவனம் தோற்றுக்கொண்டிருப்பதை எதிரிலிருந்து பார்த்தேன். இங்கே பெருமை பேசுவது தப்பு என்று விளக்கினேன். அவர் பணிவாகத் தலையசைத்தார், எழுதியதை மாற்றவில்லை. மறுநாள் காலை அடுத்த ஊரைப் பார்க்கப் போகிறார்.

அப்படியானால் ஒன்றை அளக்கக் கொடுங்கள் என்றேன். காரிலிருந்த பையிலிருந்து எங்கள் வளையம் ஒன்றை எடுத்துவந்து தந்தார். கோமதி கையுறை போட்டு வாங்கினாள், துடைத்தாள், ஏசி ஓடும் அறையிலிருந்த அளவு இயந்திரத்தின் கருங்கல் மேசைமேல் வைத்தாள். பிறகு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றுவிட்டாள்.

இவளுக்கு இயந்திரம் புதிதா என்று பிர்கிட் மெதுவாக என்னைக் கேட்டார்.

“ஏய், பாத்துக்கினு இருக்காங்கடி. சும்மா அளந்து காட்டு” என்றேன்.

“கார்ல வெயில்ல கெடந்து வந்துக்குதுக்கா. தொட்டாலே தெரியுது. இப்ப அளந்தா பொய்யான நம்பர்தான் வரும். ரெண்டு மணி நேரம் ஆறட்டும்னு சொல்லு.” என் முகத்தைப் பார்த்துவிட்டு, “சும்மா அளந்து காட்டறதுக்கா அவ்ளோ தூரம் போயி படிச்சே?” என்றாள்.

மற்ற நான்கு பேரும் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். இரும்பு சூட்டில் விரியும், இருபது டிகிரிக்கு ஆறிய பிறகே அளக்க வேண்டும். என் வேலையின் முதல் பாடமே அதுதான். பயத்தில் மறந்தவள் நான். தங்கை சொன்னதை மொழிபெயர்த்தேன். பிர்கிட் வளையத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். “காத்திருப்போம்” என்றார்.

அந்த இரண்டு மணி நேரத்தில் டீயும் சுண்டலும் வந்தன. இவர்கள் எங்கே தங்குகிறார்கள் என்று பிர்கிட் கேட்க, கோமதி ஹாஸ்டலைப் பற்றிச் சொன்னாள், சனிக்கிழமை பஸ்ஸில் நின்றுகொண்டே ஊர் வருவதைச் சொன்னாள். “இந்தப் பக்கத்துக் கண்டமங்கலத்துப் பொண்ணு, அனந்தபுரத்துப் பொண்ணு எல்லாம் எங்க லைன்லதான் வேலை செய்யறாங்க. நீங்க ஆளுக்குப் புதுசா ட்ரெயினிங் தரத் தேவையில்லைங்க. கத்துக்கினவங்க வெளிய கீறாங்க. கம்பெனியை இங்க வெச்சீங்கன்னா வந்துருவாங்க.” சாலையும் ரயிலுமாக நான் எழுதித் தந்த பக்கத்தில் இந்த வரி இல்லை.

ஆறிய பிறகு அவள் அளந்தாள். ஜெர்மனியில் எடுத்த அளவோடு அது ஒத்துப்போனது. பிர்கிட் அதைக் கண்டு பெரிதாக வியக்கவில்லை. புது ஆட்களைக் காத்திருக்கப் பழக்கத்தான் எங்களுக்கு அதிக நாள் ஆகிறது என்று மட்டும் சொல்லி, கோமதிக்குக் குறித்திருந்த நான்கை அடித்துவிட்டார்.

பட்டியலில் இப்போது இரண்டு ஊர்கள், ஒன்று திண்டிவனம். முடிவு இன்னும் வரவில்லை, ஆனால் நான் நம்புகிறேன். அடுத்த சுற்றுக்கான படிவம் போன வாரம் என் மேசைக்கு வந்தது. கம்பெனியின் சார்பில் பேசுபவர், ஊரின் சார்பில் பேசுபவர் என்று இரண்டு கட்டங்கள். பிர்கிட் இரண்டிலும் என் பெயரையே எழுதியிருந்தார். ஊரின் கட்டத்தில் என் பெயரை நானே அடித்துவிட்டு, அதன்மேல் கோமதி என்று எழுதினேன். அடித்த பிறகும் என் பெயர் கீழே தெரிந்தது.