முறை வண்டி

எங்கள் பங்காளிகளுக்குள் ஒரு பொதுக்கிணறு உண்டு. நான்கு பங்கு, ஆளுக்கு ஒரு நாள் முறை. இன்று காலை ஆறு மணிக்குத் தொடங்குகிறவர் நாளைக் காலை ஆறு மணிக்கு மோட்டாரை நிறுத்திவிட்டுப் போய்விடலாம். எவ்வளவு இறைத்தார் என்று யாரும் கேட்பதில்லை. ஊற்று சுரந்து கிணறு தானாக ஏறிக்கொள்ளும். டிராக்டரையும் அப்படி முறை வைத்து ஓட்டலாம் என்று நம்பிய அறிவாளிகள் நாங்கள்.

நாங்கள் என்றால் நான்கு பேர். மூத்தவர் பெரியப்பா மகன், ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். யாரைப் பார்த்தாலும் சில்லறை இல்லை என்று சொல்லத் தயாராக இருக்கும் முகம் இன்னும் அவரை விட்டுப் போகவில்லை. அடுத்தவர் சித்தப்பா மகன், காரைக்குடியில் சிமெண்ட் கடை. மூன்றாவது நான். பத்திரப்பதிவு அலுவலகத்தில் முப்பது வருடம் அடுத்தவர் சொத்து கைமாறுவதைப் பதிந்துவிட்டு ஓய்வூதியத்தோடு வீட்டுக்கு வந்தவன். நான்காவது, இறந்துபோன என் தம்பியின் மனைவி. எங்கள் மூவருக்கும் விவசாயம் என்பது செல்போனில் போடுகிற படம். அவளுக்கு அதுதான் சோறு.

அந்த டிராக்டர் நெற்குப்பை என்ற ஊரில் ஒரு பெரிய வீட்டின் பின்கட்டில் நின்றது. வீட்டுக்காரர்கள் சென்னையில். எனக்குக் கல்யாணம் ஆகும் முன்பே ஓடத் தொடங்கிய வண்டி. முன்னால் மண் அள்ளும் பக்கெட், அதைத் தூக்கிப் பிடிக்க இரண்டு இரும்புக் கைகள். மூத்தவர் டயரை ஓர் உதை உதைத்துப் பார்த்தார். கடைக்காரர் சீட்டில் ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார். நான் ஆர்.சி. புத்தகத்தை வாங்கி, பெயர் மாற்றங்கள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று வரி வரியாகப் படித்தேன். ஒரு வண்டியை வாங்க மூன்று ஆம்பிளைகள் செய்த சோதனை இவ்வளவுதான்.

தம்பி மனைவி மட்டும் எண்ணெய்க் குச்சியை உருவி விரலில் தேய்த்துப் பார்த்தாள். ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்தாள். குனிந்து ஹோஸை அமுக்கினாள். என் தம்பி வாடகை டிராக்டர் ஓட்டியவன், அவளுக்கும் ஓட்டக் கற்றுக் கொடுத்திருந்தான். இஞ்சின் நன்றாக இருக்கிறது, தண்ணீர் போகிற ஹோஸ்தான் காய்ந்து வெடிப்பு விட்டிருக்கிறது, முதல் வேலையாக அதை மாற்ற வேண்டும் என்றாள். மாற்றிவிடுவோம் என்றார் மூத்தவர், டிக்கெட் கிழிக்கிற வேகத்தில். வண்டி ஊருக்கு வந்தது, ஹோஸ் மாறவில்லை. தானே மாற்றிவிடுவதாக அவள் சொன்னபோது தடுத்தவன் நான். பொதுச் சொத்தில் ஒருவர் மட்டும் கைவைத்தால் நாளைக்குக் கூடுதல் உரிமை கேட்பார்கள் என்றேன். எங்கள் பக்கத்தில் பாதிப் பெரிய வீடுகள் இப்படித்தான் ஓடு சரிந்து கிடக்கின்றன. இருபது வாரிசில் எவரும் ஒரு ஓட்டை மாற்ற முடியாது.

விதிமுறைகளை எழுதியதும் நான்தான். ஒரு நீள நோட்டு வாங்கி, தலைப்பை அடிக்கோடிட்டு எழுதினேன். ஒவ்வொரு முறை முடியும்போதும் வண்டியின் நிலையை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எவர் முறையில் வண்டி பழுதாகி நிற்கிறதோ அவரே சரிசெய்து அடுத்தவரிடம் ஒப்படைக்க வேண்டும், தவறினால் அவர் தம் முறையை இழப்பார். வாசித்து முடித்துவிட்டு என் நடையை நானே மெச்சிக்கொண்டேன். மற்ற இருவரும் தலையாட்டினார்கள். அவர்களுக்குப் புரியாத எதற்கும் தலையாட்டுவார்கள்.

முதல் நாள் மூத்தவர் பக்கெட் நிறைய மண்ணை அள்ளித் தூக்கினார். பின் சக்கரம் இரண்டும் தரையை விட்டு எழும்பின. சாவியைத் திருகாமலே கீழே குதித்துவிட்டு, இடுப்பு பிடித்துக்கொண்டது என்று ஒரு வாரம் படுத்துக்கொண்டார். முன்னால் அவ்வளவு கனம் தூக்கினால் பின்னால் பாரம் வேண்டும் என்று தம்பி மனைவிதான் உடைந்த கல்தூண் துண்டு ஒன்றைச் சங்கிலி போட்டுக் கட்டினாள். அதற்குப் பிறகு, தாமே கண்டுபிடித்தது போல அந்தக் கல்லைத் தட்டிக் காட்டி ஊருக்கெல்லாம் விளக்கம் சொன்னார் மூத்தவர். கடைக்காரர் தம் முறைகளில் பக்கெட்டில் சிமெண்ட் மூட்டை ஏற்றிக்கொண்டு மெயின் ரோட்டில் போய் வந்தார். நான் எட்டுத் தென்னங்கன்றுக்கு மண் அணைத்தேன். மம்பட்டி இருந்தால் ஒரு காலை வேலை. ஸ்டியரிங்கைத் திருப்பித் திருப்பித் தோள்பட்டை இற்றுப்போனது, ஆனாலும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததில் ஒரு பெருமை.

அந்தக் கோடையில் கண்மாயில் வண்டல் அள்ள அனுமதி கிடைத்தது. தம்பி மனைவியின் வயல் கண்மாய்க் கரைக்கு நேர் கீழே இருக்கிறது. வெறும் சரளை மண், தண்ணீர் நிற்காது. இரண்டு வருடமாக நெல் கதிர் வாங்காமல் கருகியது. மழைக்கு முன் வண்டலைப் போட்டுப் பரப்பிவிட்டால் விளையும், இல்லையென்றால் வயலைத் தரிசாகப் போட்டுவிட்டு முந்திரித் தோப்புக்குக் கூலிக்குப் போக வேண்டியதுதான் என்று அவள் எல்லோரிடமும் சொன்னாள். ஒளித்து வைத்துப் பேசுகிறவள் அல்ல.

அனுமதி முடிய ஒரு சுற்றுதான் மிச்சம் இருந்தது. அதில் கடைசி நாள் அவளுடைய முறை. மூத்தவரிடம் ஒரு நாளை மாற்றிக் கேட்டாள். பேரனின் காதுகுத்துக்குப் பந்தல் போடத் தரை நிரவ வேண்டும் என்று கைவிரித்துவிட்டார். கடைக்காரருக்குச் சிமெண்ட். என்னிடம் அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விதியைக் காட்டியிருப்பேன், அது அவளுக்குத் தெரியும்.

என் முறையன்று பிற்பகல் வண்டிக்கு அடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. குனிந்து பார்த்தேன். ஹோஸில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கிழிசல். இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினேன், ஒரு மணி நேரத்தில் இறங்கிவிட்டது. காரைக்குடிக்குப் போனால் அரை மணி நேரத்தில் புது ஹோஸ் வாங்கி வந்திருக்கலாம். வெயிலாக இருந்தது. அதோடு என் முறையில் வண்டி நின்றால் என் தலையில் விழும். குளியலறையிலிருந்து சலவை சோப்பை எடுத்து வந்து கிழிசலில் தேய்த்து அடைத்தேன். மேலே ஒரு கந்தல் துணியைச் சுற்றிக் கட்டி, கரிப்பிசுக்கைத் தடவிவிட்டேன். இஞ்சின் ஆறினதும் சொட்டு நின்றது, ரேடியேட்டரை மறுபடி விளிம்பு வரை நிரப்பினேன். நோட்டை எடுத்து, வில்லங்கம் ஏதுமின்றி நல்ல நிலையில் ஒப்படைக்கப்பட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மூத்தவரை டிக்கெட் கிழிக்கிறவர் என்கிறேன், கடைக்காரரைப் படம் எடுக்கிறவர் என்கிறேன். இந்த வேலையை அவர்கள் இரண்டு பேரும் செய்யவில்லை.

மறுநாள் காலை ஆறுக்கெல்லாம் அவள் வந்துவிட்டாள். மூடியைத் திறந்து பார்த்தாள், தண்ணீர் விளிம்பு வரை நின்றது. கீழே தரை காய்ந்திருந்தது.

“தண்ணி கிண்ணி இழுக்குதா அத்தான்?” என்று கேட்டாள்.

“ஒண்ணும் இல்லத்தா. நோட்டுல எழுதிருக்கேன், பாரு” என்றேன்.

அவள் பார்க்கவில்லை. நான் சொன்னது போதும் என்று ஏறி உட்கார்ந்து கிளப்பிக்கொண்டு போனாள்.

கண்மாய்க்கும் வயலுக்குமாக அவள் முப்பது நடைக்கு மேல் போய் வந்ததை என் வீட்டு மாடியிலிருந்து பார்த்தேன். மேற்கே மழைக் கருக்கல் கட்டியிருந்தது. அவள் ஒரு நிமிடம்கூட வண்டியை நிறுத்தவில்லை. நிறுத்தி ஒரு வாய் தண்ணீர் குடித்தால் ரேடியேட்டரையும் பார்ப்பாள் என்று எனக்குத் தெரியும். இறங்கிப் போய்ச் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை எழுந்தேன். இரண்டு தடவையும் உட்கார்ந்துவிட்டேன். உச்சி வேளைக்குச் சற்று முன் கண்மாய்க்குள் சத்தம் நின்றது. பக்கெட் மேலே தூக்கியபடி இருக்க, வண்டியிலிருந்து புகையும் ஆவியும் எழும்பின.

முதலில் ஓடிப்போனது நான்தான். எல்லோரும் அதைப் பெரிய மனசு என்று நினைத்திருப்பார்கள். அவள் கைகள் இரண்டும் வெந்தது போல் சிவந்திருந்தன, மூடியைத் திறக்கப் பார்த்திருக்கிறாள். தண்ணீர் எடுத்துவர அவளைக் கரைக்கு அனுப்பிவிட்டு, இஞ்சினுக்குள் கைவிட்டு அந்தக் கந்தலைப் பிடுங்கி வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டேன். சுட்டது. மாலையில் மெக்கானிக் வந்து, பழைய ஹோஸ் வெடித்துத் தண்ணீர் போய் இஞ்சின் ஜாம் ஆகிவிட்டது என்றார். அவர் கிளம்புவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் பெய்தது. வயலில் முக்கால்வாசி சரளையாகவே நின்றது.

மழை விட்டதும் பங்காளிகள் கூடினோம். பொம்பிளை ஓட்டினால் இப்படித்தான் என்றார் மூத்தவர். வண்டி எழும்பியதும் குதித்து ஓடிய ஆள். கடைக்காரர் நோட்டை என்னிடம் நீட்டி, விதி என்ன சொல்கிறது என்று படிக்கச் சொன்னார். படித்தேன். குரல்கூட நடுங்கவில்லை, அலுவலகப் பழக்கம். அவள் சுவரோரம் நின்று கேட்டுவிட்டு, இஞ்சினைப் பிரித்துச் சரிசெய்யத் தன்னால் ஆகாது, முறையை விட்டுவிடுகிறேன் என்றாள். யாரும் மறுக்கவில்லை. அடுத்த வாரத்திலிருந்து காலை வேன் ஏறி முந்திரித் தோப்புக்குப் போகிறாள். வண்டியைப் பிறகு நாங்கள் மூவரும் சேர்ந்துதான் சரிசெய்தோம். இப்போது மூன்று பேர் முறையாக ஓடுகிறது.

தீபாவளிக்கு முந்தின வாரம் அவள் என் வீட்டுக்கு வந்தாள். உள்ளே வரச் சொல்லியும் வாசலிலேயே நின்றாள். தோப்பிலிருந்து நேராக வந்திருக்கிறாள், முந்திரிக்கொட்டை உடைத்த கைவிரல்களில் அதன் பால் பட்டுத் தோல் உரிந்திருந்தது. முறையைத் திருப்பிக் கேட்க வந்திருக்கிறாள் என்று நினைத்து, என்ன சொல்லி அனுப்பலாம் என்று அதற்குள் யோசித்து வைத்துவிட்டேன்.

“உங்க முறையில நல்லா இருந்த வண்டி அத்தான். மழை வந்துருமேன்னு அவசரத்துல நாந்தான் தண்ணி பாக்காம ஓட்டிக் கெடுத்துப்பிட்டேன். நீங்க எம்மேல கோவமா இருக்கீகளோன்னு மனசு கெடந்து அடிச்சுக்கிருது. மனசுல ஒண்ணும் வச்சுக்கிறாதீக.”

சொல்ல வேண்டிய இடம் அதுதான். வாயைத் திறந்தேன்.

“அதெல்லாம் நான் எப்பவோ மறந்துட்டேன், போத்தா” என்றேன். அவள் முகம் தெளிந்தது. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.