பாதியில் நின்ற துப்பறியும் கதை

பஸ் டிப்போவில் பதினாறு வருடம் நேர அட்டவணை தட்டச்சு செய்தவள், முப்பத்தெட்டு வயதில் நிரல் எழுதக் கற்றுக்கொண்டாள். மகள் வீட்டுப்பாடம் எழுதும் அதே மேசையில் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து படித்தாள். "அம்மா, நீ என்னைவிட நிறைய தப்பு பண்ற" என்று மகளுக்கு ஒரே சந்தோஷம். இரண்டு வருடத்தில், டயர் கடை மாடியில் இருந்த சின்ன அலுவலகம் ஒன்றில் வேலை கிடைத்தது. அங்கே முதலாளிக்குப் பட்டப்பெயர் 'பார்ப்போம்'. எதைக் கேட்டாலும் அவர் சொல்வது அது ஒன்றைத்தான்.

அவள் தனியாக எழுதிய முதல் செயலி, பார்வையில்லாதவர்களுக்குக் கதை படித்துக் காட்டுவது. கதை சர்வரில் இருக்கும். செயலி கேட்டதும் இணையம் வழியாக வரும். போன் அதை உரக்கப் படிக்கும். வெளியிட்ட மூன்றாம் நாள் ஒரு அழைப்பு வந்தது. பேசியவர் ஒரு மருத்துவமனையின் டெலிபோன் ஆபரேட்டர்; பிறவியிலேயே பார்வை கிடையாது.

"ஏம்மா, அஞ்சு தடவை கேட்டுட்டேன். கொலை நடக்குது, போலீஸ் வருது, சமையல்காரன் திருதிருன்னு முழிக்கிறான், அதோட நின்னுடுது. கொன்னது யாருன்னு தெரியாம எனக்குச் சோறு இறங்கல."

அலுவலகத்தில் போட்டுப் பார்த்தாள். கதை முழுசாக வந்தது. முதலாளி, "அவங்க போன்ல ஏதாவது கோளாறு இருக்கும். பார்ப்போம்" என்றார். அவளுக்கு மனசு ஆறவில்லை. மறுநாள் மதியம் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கே போய்விட்டாள்.

ஆபரேட்டரின் அறை தரைக்குக் கீழே இருந்தது. சிக்னல் உயிரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் கோட்டில் நின்றது. கதையை ஓட விட்டார்கள். இந்த முறை போலீஸ் வருவதற்கு முன்பே நின்றுவிட்டது. திரையில் கடைசி வரியைப் பார்த்தாள். முடிவில் எழுத்துக்குப் பதிலாக ஒரு கேள்விக்குறிக் கட்டம் நின்றது.

"அக்கா, எழுத்தே பாதியில உடைஞ்சிருக்கு."

"எழுத்து உடையுமா?"

"ஒவ்வொரு எழுத்தும் மூணு, ஆறுன்னு துண்டு துண்டாத்தான் வரும். நடுவுல யாரோ வெட்டியிருக்காங்க."

மடிக்கணினியைத் திறந்தாள். சர்வர் அனுப்புவதாகச் சொன்னது நாற்பதாயிரம் பைட், அதாவது அத்தனை துண்டு. போன் வாங்கியது எட்டாயிரம்கூட இல்லை. தன் நிரலை வரிவரியாகப் படித்தாள். சர்வர் அனுப்புவதை ஒரே ஒரு தடவை வாசித்துவிட்டு, வந்த வரைக்கும் போதும் என்று இணைப்பை மூடும்படி எழுதியிருந்தாள். அலுவலக இணையத்தின் வேகத்தில் மொத்தமும் ஒன்றாக வந்து நின்றதால் தெரியவில்லை. இங்கே கொஞ்சம் கொஞ்சமாக வந்தது.

"வெட்டினது நான்தான், அக்கா."

"ஒத்துக்கிட்டியே, அது போதும். இப்ப ஒட்டு" என்று சொல்லிவிட்டு ஆபரேட்டர் அடுத்த அழைப்பை எடுத்தார். "வணக்கம், எந்த வார்டு வேணும்?"

'முடிந்தது' என்று சர்வர் சொல்லும்வரை திரும்பத் திரும்ப வாசிக்கும்படி மாற்றினாள். துண்டுகளையெல்லாம் சேர்த்து வைத்து, கடைசியில்தான் எழுத்தாக்க வேண்டும். சொன்ன அளவுக்குக் குறைந்தால், "கதை முழுசா வரலை" என்று செயலி சொல்ல வேண்டும். கேபிளை மாட்டிப் புதுச் செயலியை ஆபரேட்டரின் போனில் ஏற்றினாள்.

"முடிவு உனக்குத் தெரியும்ல? வாயைத் திறந்தே, அடுத்த கொலை இங்கதான்" என்றார் ஆபரேட்டர்.

உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழைப்பு வரும்போதெல்லாம் கதையை நிறுத்தி நிறுத்திக் கேட்டார்கள். சமையல்காரன் தப்பித்தான். கொன்றது பக்கத்து வீட்டுப் பல் டாக்டர். ஆபரேட்டர் மேசையில் ஓங்கித் தட்டினார்.

"நான் அப்பவே நினைச்சேன்."

"பொய் சொல்லாதீங்கக்கா. சமையல்காரனைத்தானே திட்டிக்கிட்டு இருந்தீங்க?"

இருவரும் சிரித்த சிரிப்பில், வெளியே போன நர்ஸ் ஒருத்தி என்ன ஏது என்று எட்டிப் பார்த்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவளும் அடுத்த கதைக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். அன்று சாயங்காலமே திருத்தம் எல்லார் போனுக்கும் போனது. இப்போது மதியச் சாப்பாட்டு வேளையில் அந்த அறையில் ஆறு பேர் கதை கேட்கிறார்கள்.