ஸ்பீக்கர் பார்க்கப் போன கதை

எங்கள் வீட்டில் பாட்டை ஒரு காதால்தான் கேட்க முடியும். அலமாரி மேல் இருந்த பழைய ஆம்ப்ளிஃபயரின் இடப்பக்கம் எப்போதோ செத்துப்போயிருந்தது. வலப்பக்க ஸ்பீக்கர் மட்டும், சளி பிடித்தவர் பேசுவதுபோல, ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதோ பாடிக்கொண்டிருக்கும். பக்கத்து வீட்டு விசைத்தறி ஓட ஆரம்பித்தால் அதுவும் போச்சு. அப்பாவுக்கு இது ஒரு குறையாகவே தெரிந்ததில்லை. பட்டுச் சேலை மூட்டையோடு காஞ்சிபுரம், சென்னை என்று அலைந்துவிட்டு வருகிறவர், பாட்டு ஓடுகிறதா என்று மட்டும் பார்ப்பார். ஓடினால் தூங்கிவிடுவார்.

அப்படிப்பட்ட மனிதர், தை மாதத்தில் ஒரு நாள் காலை சாப்பிட்டுக்கொண்டே, நல்லதாக ஓர் ஆம்ப்ளிஃபயரும் ஒரு ஜோடி ஸ்பீக்கரும் வாங்கப்போவதாக அறிவித்தார். புதிது இல்லை, பழசுதான். ஊர் மாறிப் போகிறவர்கள், சலித்துப்போனவர்கள் எல்லாம் அருமையான சாமான்களை விற்கிறார்கள், செல்போனில் தேடினால் கிடைக்கும் என்றார். அம்மா தோசைக் கரண்டியோடு வந்து நின்றாள்.

"இப்ப இன்னாத்துக்குங்க அது? இருக்கிற பேஜாரு பத்தலையா?"

இருக்கிற பேஜாரு என்று அம்மா சொன்னது அத்தையின் விஷயத்தை. அத்தை அப்பாவின் தங்கை. போளூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். தீபாவளிக்கு வந்தவள் பொங்கல் கழிந்தும் திரும்பிப் போகவில்லை. மாமாவும் வந்து கூப்பிடவில்லை. ஏன் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆறாம் வகுப்பில் இருந்த எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க வீட்டிலேயே ஆள் கிடைத்தது, அதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்? அத்தை பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். கணக்கை வாயால் சொல்லாமல் படம் போட்டுக் காட்டுவாள்.

ஆனால் அவளிடம் எனக்கு ஓர் எரிச்சல் இருந்தது. எதைக் கேட்டாலும் பிடிகொடுக்க மாட்டாள். காபியா டீயா என்றால், "எதுன்னாலும் சரி அண்ணி." ஜன்னலைத் திறக்கட்டுமா சாத்தட்டுமா என்றால், "உங்களுக்கு எப்டி தோணுதோ." அம்மா ஒருமுறை பொறுக்க முடியாமல், "உனக்குன்னு ஒரு வாயி இல்லியாடி?" என்று கேட்டுவிட்டு, பிறகு அடுப்படியில் போய்த் தானே அழுதாள். அத்தை அழவில்லை. அம்மா போட்டுவைத்த காபியைக் குடித்து முடித்து டம்ளரைக் கழுவி வைத்தாள்.

"பாப்பாவையும் கூட்டினு போறேன்," என்றார் அப்பா. தங்கையை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். "எனக்கு இன்னா தெரியும் இதுல? அவ படிச்சவ."

அடம்பிடித்து நானும் தொற்றிக்கொண்டேன்.

முதலில் களம்பூர். நெல் மண்டி வைத்திருந்த ஒருவர் வீட்டில் என் உயரத்துக்கு இரண்டு கறுப்புப் பெட்டிகள் நின்றன. ஆம்ப்ளிஃபயரில் நீல விளக்குகள் ஏறி இறங்கின. பாட்டைப் போட்டதும் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, ஷோகேஸில் இருந்த பொம்மைகள் தாமாகவே நகர்ந்தன, என் வயிற்றுக்குள் யாரோ மேளம் அடித்தார்கள். நான் அந்த இடத்திலேயே மயங்கிவிட்டேன். இதை விட்டால் உலகத்தில் வேறு ஸ்பீக்கர் கிடையாது.

"எப்டி பாப்பா இருக்குது?" என்று அப்பா கத்திக் கேட்டார்.

"நல்லாதாண்ணா இருக்குது. உனக்குப் புடிச்சா எட்துக்கோ."

"எனக்குப் புடிக்குதான்னு நான் கேக்கல. உனக்கு எப்டி இருக்குது?"

அத்தை முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு தரையைப் பார்த்தாள். பாட்டு முடிந்தது. அப்பா மண்டிக்காரரிடம், யோசித்துச் சொல்கிறேன் என்று கும்பிட்டுவிட்டு எழுந்தார். நல்லாயிருக்கிறது என்று எல்லாரும் சொல்லும் ஒன்றை எதற்கு யோசிக்க வேண்டும்? வழி நெடுக நான் யாரோடும் பேசவில்லை. ஸ்கூட்டரில் மூன்று பேர் போகும்போது பேசாமல் வருவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது.

அடுத்தது எங்கள் ஊர் ஆரணி பஜாரிலேயே, பழைய செட்டுகளை ரிப்பேர் பார்த்து விற்கும் கடை. கடைக்காரர் ஒன்றன்பின் ஒன்றாக மாற்றி மாற்றிப் போட்டுக்காட்டினார். அத்தை எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அப்பா விடவில்லை. பெண் பார்க்கப் போனவர்கள்கூட அவ்வளவு கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். "இதுக்கும் அதுக்கும் இன்னா வித்தியாசம்? இதுல எது ஒசத்தி?" என்று அவளையே குடைந்தார். கடைசியில் ஒரு செட்டைப் போட்டபோது அத்தையின் புருவம் சுருங்கியது.

"பாடறவங்க எங்கியோ கெணத்துக்குள்ள நின்னுகினு பாடறா மாதிரி இருக்குதுண்ணா," என்றாள், யாருக்கும் கேட்கக்கூடாது என்பதுபோல.

கடைக்காரருக்குக் கேட்டுவிட்டது. "அதுக்குன்னு குமிழ் இருக்குதும்மா, திருப்பினா செரியாய்டும்," என்று ஒன்றைத் திருகினார். "இப்ப?"

அத்தை அப்பாவைப் பார்த்தாள். அப்பா, தனக்கு ஒன்றும் தெரியாது என்பதுபோல, மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்தார்.

"வேணாங்க," என்றாள் அத்தை. "இது வேணாம்."

ஆக, அன்றும் வெறுங்கை. ஆனால் அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஏதோ பெரிய ஆர்டர் கிடைத்ததுபோல எங்களைப் பக்கத்துக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பாதாம் பால் வாங்கிக் கொடுத்தார். சாமான் கிடைக்காததற்குச் சந்தோஷப்படும் ஒரு மனிதரை நான் முதல்முறையாகப் பார்த்தேன்.

அதன் பிறகு வரிசையாக எத்தனையோ வீடுகள். சேவூரில் ஒன்று, போகிற வழியில் ஒன்று என்று அப்பா சேலைக் கணக்குப் பார்ப்பதையும் விட்டுவிட்டுச் செல்போனில் தேடிக்கொண்டே இருந்தார். அத்தை அநேகமாக எல்லாவற்றையும் தள்ளினாள். ஒன்றில் தாளம் மட்டும்தான் கேட்கிறது, இன்னொன்றில் காது கூசுகிறது. எனக்கு ஆத்திரமாக வந்தது. நல்ல வாய்ப்புகளை எல்லாம் இவள் கெடுக்கிறாள் என்று அம்மாவிடம் கோள் சொன்னேன். அம்மா அதைக் காதிலேயே வாங்காமல், "இன்னிக்கி உங்கத்தை இன்னா கேட்டா தெரியுமா? ரசத்துல புளி கொஞ்சம் கம்மியா போடுங்க அண்ணின்னு கேட்டா," என்று என்னிடமே பெருமையாகச் சொன்னாள். இந்த வீட்டில் எல்லாருக்கும் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

வேலூரில் மாற்றலாகிப் போகவிருந்த ஒரு பேங்க் அதிகாரியின் வீட்டில்தான் அது முடிந்தது. மரத்தில் செய்த சின்னப் பெட்டிகள் இரண்டு, விளக்கே எரியாத வெள்ளி நிற ஆம்ப்ளிஃபயர் ஒன்று. பெட்டிகள் பார்ப்பதற்கு அரிசி டப்பா மாதிரி இருந்தன. அத்தை இந்த முறை தன் செல்போனிலிருந்தே ஒரு பாட்டைப் போடச் சொன்னாள். ஒரு பெண் குரலும் ஒரு வீணையும், அவ்வளவுதான். பெட்டிகளைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொன்னாள். சத்தத்தைக் குறைக்கச் சொன்னாள். பிறகு தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

"மூச்சு இழுக்கறது கேக்குதுண்ணா," என்றாள். "அந்தம்மா பாடறதுக்கு முன்னாடி மூச்சு இழுக்கறாங்க பாரு."

கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா எடப்பக்கம் மந்தமா இருக்குது," என்று எழுந்துபோய், அதிகாரியிடம் கேட்டுக்கொண்டு, பின்பக்கத்து வயர்களை இடம் மாற்றிப் பூட்டினாள். இப்போது மந்தம் வலப்பக்கத்துக்குப் போய்விட்டது. "பெட்டியில ஒண்ணும் இல்லீங்க. ஆம்ப்ளிஃபயர்லதான். உள்ள தூசு அடைஞ்சிருக்கும், கழட்டி தொடச்சா போதும். நானே பாத்துக்கிறேன்." அதிகாரிக்குச் சிரிப்பு. நல்ல இடத்துக்குத்தான் போகிறது என்று அவரே பெட்டிகளைத் துணியில் சுற்றிக்கொடுத்தார்.

"எட்துக்கலாமா பாப்பா?"

"எட்துக்கலாம்ணா. எனக்கு இதான் புடிச்சிருக்குது."

குட்டி யானை வண்டியில் அரிசி டப்பாக்கள் ஆரணி வந்து சேர்ந்தன. மறுநாளே அத்தை ஆம்ப்ளிஃபயரைக் கழற்றி, துடைத்து, பூட்டினாள். இரண்டு காதாலும் பாட்டுக் கேட்டபோது, கோபத்தை மீறி எனக்கும் அது நன்றாகத்தான் இருந்தது.

அந்த வாரமே போளூரிலிருந்து போன் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிக்கொண்டு போகிறோம், சாமான்களை எல்லாம் எடுத்துவைக்கச் சொல்லுங்கள் என்று மாமாவின் அண்ணன் சொன்னாராம். எனக்குப் பகீர் என்றது. சாமான் என்றால் ஸ்பீக்கரும்தானே? அத்தைக்குப் பிடித்து, அத்தை பார்த்து எடுத்தது. ஞாயிறு காலை குளித்துவிட்டு, பெட்டிகளுக்கு முன்னால் பாயை விரித்து உட்கார்ந்துவிட்டேன். யார் தூக்குகிறார்கள் பார்ப்போம்.

மாமாவும், அவருடைய அண்ணனும், அண்ணியும் தட்டில் பூவும் பழமும் வைத்துக்கொண்டு வந்தார்கள். மாமா தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தார். அண்ணன்தான் பேசினார்.

"குடும்பம்னா எல்லாம் இருக்கும். எங்க வூட்டுக்கு வந்த பொண்ணு நாங்க சொல்றத கேட்டுகினு இருந்தா இன்னா கொறஞ்சிடப் போவுது? நல்ல நேரம் போவுது, ஜல்தி கெளம்பச் சொல்லுங்க."

"என்னைய கேக்காதீங்க," என்றார் அப்பா. "அவள கேளுங்க."

"அவள இன்னாங்க கேக்கறது?" என்று அவர் சிரித்தார்.

அப்பா சிரிக்கவில்லை. காபித் தட்டோடு வந்த அத்தை அதை ஸ்டூலில் வைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"நான் இப்ப வரலீங்க," என்றாள். "வேலைக்குப் போலாம்னு இருக்கறேன். அவருக்கு எங்கிட்ட பேசணும்னா அவரே தனியா வரட்டும். நீங்கள்லாம் சொல்றது போதுங்க. அவரு இன்னா நெனைக்கிறாருன்னு எனக்கு இன்னிய வரிக்கும் தெரியாது."

மாமா அப்போதுதான் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார். அண்ணனும் அண்ணியும் காபியைத் தொடாமல் எழுந்தார்கள். மாமா குடித்துவிட்டுத்தான் எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டியவர் திரும்பி வந்து, "போன் பண்ணலாமா?" என்று கேட்டார். அத்தை யோசித்தாள். நான் எண்ணிப் பார்க்கவில்லை, ஆனால் வெகுநேரம் யோசித்தாள்.

"பண்ணுங்க," என்றாள்.

ஆடிக்குள் அத்தைக்கு வேலூரில் ஆஸ்பத்திரிக் கருவிகளைப் பழுதுபார்க்கும் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. மாமா பலமுறை தனியாக வந்தார். ஒரு வருஷம் கழித்து இருவரும் சேர்ந்து அங்கேயே ஒரு வீடு பார்த்தார்கள். மாடி வேண்டாம் என்று மாமாவும், மாடிதான் வேண்டும் என்று அத்தையும் சண்டை போட்டதாக அம்மா சிரித்துச் சிரித்துச் சொல்வாள்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு இருந்ததெல்லாம் பெட்டிகள் போகவில்லை என்ற நிம்மதிதான். அவர்கள் தெருமுனை திரும்பியதும் அப்பா வந்து என் பாயில் உட்கார்ந்தார். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார். வெகுநாளாக மனதில் இருந்ததை அவரிடம் கேட்டேன்.

"அப்பா, நெஜமா சொல்லு. உனக்கு எது புடிச்சுது?"

அப்பா அடுப்படிப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, என் காதருகே குனிந்தார்.

"களம்பூர்ல பாத்தோமே, ஜன்னல்லாம் ஆடுச்சே, அதான்."

"அப்ப ஏன் அத வாங்கல?"

அவர் சிரித்தார். பாவம் அப்பா, இவ்வளவு அலைந்தும் தனக்கு வேண்டியதை வாய்விட்டுக் கேட்டு வாங்கத் தெரியவில்லையே என்று அவர் தோளில் கையைப் போட்டு ஆறுதல் சொன்னேன்.