ஒன்பதாவது முடிச்சுக்குப் பின்னால்

யாராவது பேய்க்கதை ஆரம்பிச்சா எழுந்து போய் டீ போடுற ஆள் நான். போர்ட் பிளேர் பத்துபஸ்தியில வளர்ந்து, ஃபிசிக்ஸ் படிச்சு, எதைக் கேட்டாலும் எப்படி, ஏன்னு நோண்டுறவ. அதனால நீங்க நம்பலைன்னா கோபமே இல்ல, உங்க இடத்துல நான் இருந்தாலும் சிரிச்சிருப்பேன்.

மாயாபந்தர்ல இருந்து டுங்கிப் படகுல முக்கால் மணி நேரம் போனா எங்க அங்கன்வாடி. நான் டீச்சரா சேர்ந்து ரெண்டாவது வருஷம். ஒன்பது பிள்ளைங்க, மூணு வயசுல இருந்து அஞ்சு வரைக்கும். வீட்ல பெங்காலி, தெலுங்கு, தமிழ்னு ஆளுக்கொரு பாஷை, எங்கிட்ட ஹிந்தி, சண்டை வந்தா எல்லாம் கலந்து. ஒன்பது பேருக்கும் வீடு உப்பங்கழிக்கு அந்தப் பக்கம். அதனால எங்களுக்குக் கடிகாரம் பாத்து ஸ்கூல் விடுறது கிடையாது, கழியில தண்ணி இறங்குறதுக்குள்ள விட்டுடணும்.

படகுத்துறைக்கு நடக்க ஒரு பருத்திக் கயிறு வச்சிருந்தேன். ஒன்பது முடிச்சு, ஆளுக்கு ஒண்ணு. முன்னாடி நுனி எங்கிட்ட, பின்னாடி நுனி ஹெல்பர் மாலதி தீதிகிட்ட. தீதின்னா அக்கா. ரயில் ஓடாத தீவுல எங்க ரயில் அதுதான், கூவிக்கிட்டே போவோம்.

அன்னிக்கு மூணாவது நாளா மழை. தீதிக்குக் காய்ச்சல், வரல. டுங்கி ஓட்டுற செல்வம் அண்ணன் காலையிலேயே சொல்லிட்டார்: "டீச்சரம்மா, இன்னிக்கு அமாவாசைத் தண்ணி, சர்ருனு இறங்கிடும். லேட் பண்ணீங்க, டுங்கி சேத்துல குந்திக்கும், அப்புறம் ஒன்பதையும் நீங்கதான் தோள்ல தூக்கணும்."

நான் வழக்கம்போல களிமண்ணுல யானை பண்றேன்னு உக்காந்து நேரத்தை விட்டுட்டேன். யானைக்குத் தும்பிக்கை வைக்கும்போதுதான் நேரமே உறைச்சுது. அப்புறம் என்ன, கொட்டுற மழையில ஓட்டமும் நடையுமா, "ஜல்தி, ஜல்தி"ன்னு கயித்தை இழுத்துக்கிட்டே போறேன். வழியில ஒரு நாலா, மலையில இருந்து வர்ற ஓடை. குறுக்க ரெண்டு மரத்தைப் போட்டு மேல பலகை அடிச்சிருக்கும்.

பலகையில வைக்கக் காலைத் தூக்கிட்டேன். கயிறு நின்னுது. பிள்ளைங்க இழுத்தா ஆடும், தெரியும் எனக்கு. இது ஆடல. பெரியவங்க நிதானமா நிறுத்துற மாதிரி நின்னுது.

கடைசியில இருந்தது முன்முன், மூணு வயசு. "முன்முன், விளையாடாத!"

"நான் இல்ல மேடம். தீதி நிக்கிறா."

மாலதி தீதி வந்துட்டாங்களான்னு திரும்பிப் பாத்தா, மழையும் பாக்கு மரமும்தான். ஆனா முன்முனுக்குப் பின்னாடி மிச்சக் கயிறு தரையில கிடக்கல. விறைப்பா, நேரா, அவ தோள் உயரத்துல அந்தரத்துல நின்னுது. சத்தியமா சொல்றேன். நான் இழுத்தேன், வரல. பலமா இழுத்தேன், வரல.

அப்போ மேல இருந்து ஒரு உறுமல். பழுப்புத் தண்ணி ஒரு சுவர் மாதிரி இறங்குச்சு. ரெண்டு மரமும், பலகையும், நான் கால் வைக்க இருந்த இடமும், பென்சில் உருளுற மாதிரி உருண்டு போச்சு. எல்லாரும் அழுறாங்க, நானும்தான். அப்புறம் பாத்தா கயிறு தொங்கிட்டு இருக்கு.

ஒன்பது பேரையும் திரும்ப அங்கன்வாடிக்குக் கூட்டிட்டு வந்து எண்ணினேன். திரும்ப எண்ணினேன். சாயங்காலம் தண்ணி ஏறினதும் செல்வம் அண்ணன் ஓடைக்கு இந்தப் பக்கமா டுங்கியைக் கொண்டு வந்தார். விஷயத்தைக் கேட்டவர், "வேர்ல மாட்டியிருக்கும்மா"ன்னார். வேர் தோள் உயரத்துலயா இருக்கும்?

முன்முனை மடியில வச்சுக்கிட்டு மெதுவா கேட்டேன், "எந்த தீதி? மாலதி தீதியா?"

"இல்ல மேடம்," கிச்சடியை மென்னுக்கிட்டே சொன்னா, "சின்ன தீதி."

பிள்ளைங்க கற்பனைன்னு விட்டுட்டேன். கயித்தைக் காயப்போட எடுக்குற வரைக்கும். முழுக் கயிறும் பிழிஞ்சா சொட்டுற ஈரம். பின்னாடி நுனியில மட்டும், யாரோ கையால பொத்திப் பிடிச்சிருந்த மாதிரி ஒரு இடம், சேறு இல்லாம, சுத்தமா காய்ஞ்சு இருந்தது. என் கையை வச்சுப் பாத்தேன். என் மூணு விரல் அகலம்தான்.